கிச்சு போட்ட ஸ்கெட்ச்

"என்னைக் கொல்லப் போறாங்க சார். அதுக்கு முன்னாடி கடைச் சாவியைக் குடுத்துடட்டுமா, வேணாமா? அதக் கேக்கத்தான் வந்தேன்."

சாரங்கபாணி பேனாவை மூடினார்.

அவருடைய துப்பறியும் அலுவலகம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருவார்கள். மீதிப் பேர் பன் வாங்க வந்து வழி தவறியவர்கள். கொலைக்கு முன்பே ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

"உக்காருங்க. யார் கொல்லப் போறது?"

"கிச்சு."

ஜன்னலோரம் டீ ஆற்றிக்கொண்டிருந்த செங்கம்மாள் திரும்பினாள். சாரங்கபாணியின் உதவியாளர். தேவநேரி குப்பத்துக்காரி. மீன் விற்பதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ஆபீஸ் ஸ்கூட்டி அவளுடையது. பேச்சும் பெரும்பாலும் அவளுடையதே.

"கிச்சுவா? இன்னாண்ணா, கிச்சுகிச்சு மூட்டியே சாவடிப்பானா?"

"உனுக்கு சிரிப்பா கீதா?" என்றார் வந்தவர்.

அவர் பெயர் கங்காதரன். ஐம்பதைத் தாண்டியவர். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சிப்பி பொம்மைக் கடை வைத்திருந்தார். எல்லாம் அவரே செய்தது.

"தெரியுமே," என்றாள் செங்கம்மாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சிப்பி ஆந்தையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுவிட்சைத் தட்டினாள். ஆந்தையின் கண்கள் சிவப்பாக எரிந்தன. "உங்க கடையில வாங்கினதுதான். சாரு பொறந்தநாளுக்கு. ஆளு வந்தா ஒளிச்சு வெச்சுடறாரு."

"இடம் பத்தலை," என்றார் சாரங்கபாணி. "விஷயத்தைச் சொல்லுங்க."

கங்காதரன் சொன்னார். அவருடைய மச்சினன் ரமேஷ் கடலோரம் ஒரு லாட்ஜில் சர்வர். போன வாரம் ஒரு ஜெர்மன்காரரும் தமிழ்ப் பெண் ஒருத்தியும் காலை டிபன் சாப்பிடும்போது பேசியதைக் கேட்டிருக்கிறான். கங்காதரன் என்ற பெயர் வந்தது. கிச்சு என்ற பெயர் வந்தது. பிறகு ஸ்கெட்ச் என்று வந்தது.

சாரங்கபாணி நிமிர்ந்தார். இந்தப் பக்கத்தில் ஸ்கெட்ச் என்றால் படம் அல்ல. ஒருவனை எங்கே மடக்கி எப்படி முடிப்பது என்று போடும் திட்டம்.

"அன்னிக்கே கடையை மூடிட்டேன். புதுப்பட்டினத்துல தங்கச்சி வூட்ல கீறேன். பக்கத்துக் கடை லோகுதான் ஒத்தாசை. போலீசுக்குப் போனா வேலையை சீக்கிரம் முடிச்சுடுவானுங்கன்னு அவன்தான் சொன்னான். கடையையும் சரக்கையும் அவனே எடுத்துக்கறேன்னான். நீ செய்யூர்ல பொண்ணு வூட்டோட போய் இருந்துக்கோன்னான். இன்னிக்கு சாயங்காலம் சாவி குடுக்கறதா பேச்சு."

"உங்களுக்குக் குடுக்க மனசு இருக்கா?"

கங்காதரன் மேசைமேல் இருந்த ஆந்தையின் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். லேசாக ஆடியது. பையிலிருந்து சின்ன பசைக் குப்பியை எடுத்தார். ஒரு சொட்டு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் சாவியோட கடைக்கு வாங்க," என்றார் சாரங்கபாணி. "நான் சொல்றவரைக்கும் குடுக்காதீங்க."

"அதுக்குள்ள கொன்னுட்டானுங்கன்னா?"

"ஃபீசு கேக்க மாட்டோம்ணா," என்றாள் செங்கம்மாள்.

*

போகும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கிச்சு கிடைத்தார். செங்கம்மாள் பத்துப் பேருக்குப் போன் போட்டு விசாரித்ததில் அகப்பட்ட ஒரே கிச்சு. கல்யாண சமையல்காரர். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் ஆதார் கார்டோடு சரி.

"மாமல்லபுரம் கங்காதரனைத் தெரியுமா?" என்று கேட்டார் சாரங்கபாணி.

"தேதியைச் சொல்லுங்கோ. எத்தனை இலை?"

"இலை இல்லை. கொலை."

கிச்சு கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் சாம்பாரைப் பத்தி யாரோ வத்தி வெச்சிருக்கா," என்றார்.

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு வடை சாப்பிட வேண்டியிருந்தது. வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும்போது செங்கம்மாள் சொன்னாள். "இவரு இல்ல சார். வடைக்கு உப்புப் போடவே பயப்படறாரு."

*

லாட்ஜின் சமையலறைக்குப் பின்னால் ரமேஷ் காத்திருந்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க?"

"புலிக்குகை பாக்கப் போய்க்கிறாங்க சார். மத்தியானம் வந்துடுவாங்க. ராத்திரி ஃப்ளைட்டு."

"கேட்டதை அப்படியே சொல்லு."

"மொதல்ல மாமா பேரு. அப்பால கிச்சு, கிச்சுன்னே பேசிகினு இருந்தாங்க. வெள்ளைக்காரன் ஸ்கெட்ச்சுன்னு தெளிவா சொன்னான். அப்பால..." ரமேஷ் ஒரு ஸ்பூனை எடுத்தான். மேசைமேல் குப்புறப் பிடித்துத் தன் பக்கமாகச் சுரண்டி இழுத்தான். "இப்டி. ரெண்டு மூணு தபா. சேத்தை வாரி எடுக்கறா மாதிரி. குழி சார். பொணத்தப் பொதைக்க."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்லிக் குடுத்துச்சு. 'சல்லிசா தள்ளிவிடறது.' அவன் அதையே திருப்பிச் சொன்னான். 'சல்லிசா தல்லிவிடரது.' சிரிச்சுகினே சொல்றான் சார்! வேற எங்க தள்ளுவான்? கடல்லதான்."

"சல்லிசாவா?" என்றாள் செங்கம்மாள். "உங்க மாமாவைப் போடறதுக்கு ரேட்டு கம்மியா சொல்லிட்டானுங்கன்னு உனுக்கு வருத்தமா?"

"அக்கா, நீ வேற."

சாரங்கபாணி ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு நடுவுல வேற எதாவது வார்த்தை வந்துதா?"

ரமேஷ் யோசித்தான். "ஒண்ணு சொல்லுவான், ஓடர்னுவான். அடுத்தது சொல்லுவான், ஓடர்னுவான். ஆர்டர் குடுக்கறான் சார். கையை வேற இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிகினே."

"நீ எடுத்த ஆர்டர் இன்னா?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

"ரெண்டு ஆம்லெட்டு."

"இதையெல்லாம் யார்கிட்ட சொன்னே?" என்றார் சாரங்கபாணி.

"மாமாகிட்ட. அவரு லோகு அண்ணாத்தகிட்ட. அவ்ளோதான்."

"கிச்சுன்னேதான் சொன்னியா?"

"என் காதுல அப்டித்தான் சார் வுழுந்துது."

*

கங்காதரனின் கடை பூட்டியிருந்தது. ஷட்டருக்கு மேலே பலகையில் அவர் பெயர் சிப்பிகளால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு சிப்பிகூட உதிரவில்லை.

பக்கத்துக் கடை வாசலில் கல் யானைகளுக்கு நடுவே லோகு உட்கார்ந்திருந்தார். பளிச்சென்று திருநீறு. எழுந்து நாற்காலி போட்டார். டீ சொன்னார்.

"மனுசன் நடுங்கிப் போய்க்கிறாரு சார். பாவமா கீது. யாரு சார் அந்த கிட்ஷ்? எதுனா துப்பு கெடைச்சுதா?"

"தேடிக்கிட்டிருக்கோம். கடையை நீங்க எடுத்துக்கறீங்களாமே."

"எனுக்கு எதுக்கு சார்? பழகின தோஷம்."

"சரக்கையுமா?"

"அதுவும்தான். அவரு எங்க தூக்கிகினு போவாரு?"

"நீங்க கல் வியாபாரி. சிப்பிப் பொம்மை ஓடுமா?"

"ஓடாது சார். தூசி படியும். கெடந்துட்டுப் போவட்டும்." லோகு பெருமூச்சு விட்டார். "நட்புன்னு ஒண்ணு கீதே."

டீ நன்றாக இருந்தது. செங்கம்மாள் அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

மணலில் இறங்கி நடந்தார்கள். சாரங்கபாணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கடல்ல தள்ளிட்டா குழி எதுக்கு?" என்றார்.

"இன்னா சார்?"

"ஒருத்தரைக் கடல்ல தள்ளுவான். இல்லாட்டி குழி தோண்டிப் புதைப்பான். ரெண்டும் செய்ய ஒரு ஆள் பத்தாது. ரெண்டு கங்காதரன் வேணும்."

செங்கம்மாள் நின்றாள். "அப்போ இதுவா அதுவான்னு முடிவு பண்ணிகினு இருந்தானுங்களா?"

"கையை அப்படித்தானே திருப்பியிருக்கான். இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்னு." அவர் போனை எடுத்தார். எதையோ தட்டினார். திரையை அவள் பக்கம் நீட்டினார். "ஓடர். ஜெர்மன் வார்த்தை. நம்ம ஊர் ஆர்டர் இல்லை. 'அல்லது'ன்னு அர்த்தம்."

"அல்லதா?"

"ஸ்கெட்ச், அல்லது சேற்றைச் சுரண்டுவது, அல்லது சல்லிசாகத் தள்ளிவிடுவது. ஆம்லெட் சாப்பிட்டுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே ஒருத்தர் இப்படி மூணு 'அல்லது' சொல்றார்னா, அவர் செய்யறது கொலை இல்லை. வேற தொழில்."

"இன்னா தொழில்?"

"வாத்தியார் வேலை மாதிரி தெரியுது. வா, கேப்போம்."

*

ஜெர்மன்காரரின் பெயர் உல்ரிச். உயரமானவர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. தன் ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறார். கூட இருந்த பெண் சுப்ரஜா. நாவலூரில் ஒரு கம்பெனியில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவருக்குத் தமிழும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

லாட்ஜில் அவர்கள் எதிரே உட்கார்ந்து சாரங்கபாணி மேசையில் இருந்த ஸ்பூனை எடுத்தார். குப்புறப் பிடித்துச் சுரண்டிக் காட்டினார்.

உல்ரிச்சின் முகம் மலர்ந்தது. "கிட்ஷ்!" என்றார்.

செங்கம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "கிச்சு ஆளே இல்லியா?"

"ஆளா?" என்றாள் சுப்ரஜா. "அது ஒரு வார்த்தைங்க."

அவள் சொன்னாள். கிட்ஷ் என்பது கலையில் ஒரு வகை. பகட்டான கலர், பளபளப்பு, பார்த்தவுடன் மனசு இளகிப்போகிற மாதிரி செய்த சாமான். முதலில் திட்டுவதற்காகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இப்போது அதையே தேடிப் பிடித்து அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். அன்றைக்கு உல்ரிச் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"ம்யூனிக்ல படம் விக்கறவங்ககிட்ட இங்கிலீஷ்காரங்க வந்து, விலை கம்மியா ஒரு 'ஸ்கெட்ச்' குடுங்கன்னு கேட்பாங்களாம். அது திரிஞ்சு கிட்ஷ் ஆச்சுன்னு ஒரு கதை. இல்லேன்னா, தெருச் சேற்றைச் சுரண்டி வழிக்கறதுக்கு ஒரு பேச்சு வழக்கு உண்டு, அதுலேருந்து வந்திருக்கலாம். இல்லேன்னா, பொருளை விலை கம்மியா வித்துத் தீர்க்கறதுக்கு ஒரு வார்த்தை இருக்கு, அதுலேருந்து. அதுக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டார். சல்லிசா தள்ளிவிடறதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

"சல்லிசா தல்லிவிடரது," என்றார் உல்ரிச் பெருமையாக.

செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"கங்காதரன் பேர் எதுக்கு வந்துது?" என்றார் சாரங்கபாணி.

"அவர் கடைக்காகத்தானே இங்கயே தங்கியிருக்கோம். வந்த அன்னிக்கு ஒரு மயில் வாங்கினோம். மறுநாள் மொத்தமா எடுக்கலாம்னு போனா கடை பூட்டியிருந்தது. தினம் போய்ப் பார்த்தோம். நல்லவேளை, சரக்கெல்லாம் இன்னிக்கு சாயங்காலம் கைக்கு வந்துடும்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"பக்கத்துக் கடைக்காரர். கல் சிலை வெச்சிருக்காரே. கங்காதரனுக்கு உடம்பு சரியில்லை, கடையைத் தன்கிட்ட குடுத்துட்டார்னு சொன்னார். எதுக்கு வேணும்னு கேட்டார். கிட்ஷ்னா என்னன்னு உல்ரிச் அரை நாள் உக்காந்து சொன்னார். ரொம்ப ஆர்வமா கேட்டுக்கிட்டார்."

செங்கம்மாளின் சிரிப்பு நின்றது.

"சார், அந்த லோகு..."

"ஆமா. ரமேஷ் கிச்சுன்னான். கங்காதரன் கிச்சுன்னார். நீ, நான், அந்தச் சமையல்காரர், எல்லாருக்கும் அது கிச்சுதான். இவங்க வாயால கேக்காம யாருக்கும் அது 'கிட்ஷ்' ஆகாது. டீ குடுக்கும்போது லோகு எப்படிச் சொன்னார்?"

செங்கம்மாள் யோசித்தாள். பிறகு மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிட்ஷ்னுதான் சார். டீ நல்லா கீதுன்னு வேற சொல்லிட்டு வந்தேனே."

*

சாயங்காலம் கங்காதரன் வந்தபோது லோகு ஷட்டரின் முன்னால் நின்றிருந்தார். கையை நீட்டினார். சாவி கங்காதரனின் கையில் இருந்தது.

"லோகு," என்றார் சாரங்கபாணி பின்னாலிருந்து. "அந்த ஆளைப் பிடிச்சுட்டோம்."

லோகு திரும்பினார். உல்ரிச்சையும் சுப்ரஜாவையும் பார்த்தார்.

"அவன் பேரை இன்னொரு தபா சொல்லேன் அண்ணாத்த," என்றாள் செங்கம்மாள். "உனுக்குத்தான் சுத்தமா வருது."

லோகு தன் கடைக்குள் போய் ஒரு கல் யானையைத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் அந்த ஒரே யானையைத் துடைத்தார்.

சாரங்கபாணி நடந்ததைச் சொன்னார். கிச்சு என்று ஆளே இல்லை என்று தெரிந்தும் லோகு பயமுறுத்தியதை, சரக்கை உல்ரிச்சுக்கு விற்கப் பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கங்காதரன் சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். லோகுவின் பக்கம் ஒரு தடவை திரும்பினார்.

"பழகினவன் சார்," என்றார். ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே மயில்கள், கப்பல்கள், கண் சிமிட்டும் ஆந்தைகள். நடுவில் முழுக்கச் சிப்பியால் ஆன கடற்கரைக் கோயில். ஒரு ஆள் கட்டிப் பிடிக்கிற அளவு. உல்ரிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"அந்த வார்த்தைக்கு இன்னா சார் அர்த்தம்?" என்றார் கங்காதரன்.

சுப்ரஜா தரையைப் பார்த்தாள். சாரங்கபாணி மறைக்கவில்லை. திட்டு என்றும் சொன்னார், அது இப்போது மாறியிருக்கிறது என்றும் சொன்னார்.

கங்காதரன் ஒரு மயிலின் மேலிருந்த தூசியைத் தட்டினார்.

"குப்பைன்னு சொல்றான்."

"குப்பையை எடுத்துட்டுப் போக யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டாங்க," என்றார் சாரங்கபாணி.

"நீங்களே என் ஆந்தையை அலமாரிக்குப் பின்னாலதானே வெச்சுக்கிறீங்க."

சாரங்கபாணி செங்கம்மாளைப் பார்த்தார். அவள் முதல் தடவையாக உதவிக்கு வரவில்லை.

"அந்தப் பேரு எங்கேருந்து வந்துது?" என்றார் கங்காதரன்.

சுப்ரஜா மூன்று கதைகளையும் சொன்னாள்.

"மூணுல எது நெசம்?"

அவள் உல்ரிச்சிடம் கேட்டாள். அவர் கையை விரித்தார். "தெரியாதாம். ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கும் நிச்சயமா தெரியாதாம்."

கங்காதரனின் மீசை லேசாக அசைந்தது. "அப்பன் யாருன்னே தெரியாத ஒரு பேரைத் தூக்கிகினு வந்து என் கோயிலுக்கு வெக்கறானா?"

சுப்ரஜா அதை மொழிபெயர்த்தாள். உல்ரிச் சத்தமாகச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். வந்த அன்று வாங்கிய மயிலுக்காக எழுதியது. காட்சிக்கு வைக்கும்போது பொம்மைக்குக் கீழே இந்த மாதிரிதான் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார்.

"இன்னா எழுதிக்கிது?"

சுப்ரஜா படித்தாள். "மயில். சிப்பி, பசை, பல்பு. தென்னிந்தியா." கொஞ்சம் தயங்கினாள். "செய்தவர் தெரியவில்லை."

"கடைக்கு வந்தானே. பலகையில இவ்ளோ பெரிசா ஒட்டிக்கிறேனே."

"இந்த மாதிரிப் பொருளுக்கு எப்பவும் அப்படித்தான் போடுவாங்களாம்."

கங்காதரன் அட்டையைக் கையில் வாங்கினார். செங்கம்மாளிடம் பேனா கேட்டார். கடைசி வரியை அடித்தார்.

"தெரியாதது அவன் வார்த்தைக்கு. என் பொம்மைக்கு இல்ல. பேரு போட்டாதான் சரக்கு. இல்லேன்னா ஒரு சிப்பி நகராது. சொல்லும்மா."

சுப்ரஜா சொன்னாள். உல்ரிச் சிரிக்கவில்லை. அடித்த வரியைப் பார்த்தார். அட்டையைச் சுவரில் வைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். கங்காதரன், மாமல்லபுரம். ஒரு எழுத்து தப்பியது. கங்காதரன் திருத்தச் சொன்னார். திருத்தினார்.

பிறகுதான் கங்காதரன் சிப்பிக் கோயிலின் சுவிட்சைப் போட்டார். கோபுரம் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி எரிந்தது. உள்ளேயிருந்து பிறந்தநாள் பாட்டின் மெட்டு வந்தது. பல்பு வாங்கிய கடையில் அந்த மெட்டுதான் கிடைத்ததாம்.

உல்ரிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"சார்," என்றாள் செங்கம்மாள் மெல்ல. "ஸ்கெட்ச்சு யாருக்குன்னு இப்பத் தெரியுதா?"

"தெரியுது," என்றார் சாரங்கபாணி, உல்ரிச்சைப் பார்த்துக்கொண்டே.

"விலை இன்னான்னு கேக்கறார்," என்றாள் சுப்ரஜா.

கங்காதரன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சல்லிசா தள்ளிவிடமாட்டேன்னு சொல்லு," என்றார். "அது அவனுக்குத் தமிழ்லயே புரியும்."